ஒரு அடி குறைந்த குளம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் பெரிய று, எந்த இடத்தில் சின்ன ரு என்பது இன்றைக்கும் தடுமாறும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். யாராவது இதைச் சுத்தமாக எடுத்து எழுதினால் எழுத்துகளைத் தாராளமாகத் திருத்திக்கொள்ளலாம். எண்களை மட்டும் தொட வேண்டாம். எண்களில் பிழை இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த நோட்டையே வாங்கினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் லாரிகளுக்குத் தார்ப்பாய் ஒட்டும் கடையில் வெகுகாலம் இருந்தேன். சூட்டுக் காற்றை ஊதும் ஹீட் கன்னால் இரண்டு ஷீட்டின் ஓரங்களை இளக்கி, உருளையால் அழுத்தி ஒன்றாக்குவது என் வேலை. பிறகு வ. புதுப்பட்டி, பிளவக்கல் பக்கம் தோப்புக்காரர்கள் பண்ணைக்குட்டை வெட்டி, உள்ளே ஷீட் விரிக்க ஆரம்பித்தார்கள். அதற்கும் போனேன். அப்படி ஒரு குட்டையில் என் ஒட்டுவேலையைப் பார்த்த கோயம்புத்தூர் கம்பெனிக்காரர் ஒருவர், நீச்சல்குளத்துக்கு லைனர் மாட்டும் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார். இந்தப் பக்கத்துக் குளங்களை அளந்து அனுப்புவது, மாட்டுவது, பிறகு பராமரிப்பது எல்லாம் நான்.

இந்தப் பக்கத்தில் நீச்சல்குளம் யாருக்கு வேண்டும் என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. மலையடிவாரத்தில் தோப்பு வாங்குகிற ஒவ்வொருவருக்கும் வேண்டுமாம். எல்லோரும் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள்தான். இருக்கிற கிணற்றை மூடி, அதன்மேல் கார் நிறுத்த ஷெட் போட்டுவிட்டு, பத்தடி தள்ளி நெஞ்சளவுத் தண்ணீருக்கு ஒரு குழி தோண்டுகிறார்கள். அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் போன வீடுகளில் பாதிக்கு மேல், குளத்தில் இறங்கியவர்களைவிட அதன் பக்கத்தில் நின்றவர்களே அதிகம்.

லைனர் என்றால், குளத்தின் அளவுக்கே கம்பெனியில் வெட்டி ஒட்டி வரும் தடித்த வினைல் பை. உள்பக்கம் நீல நிறத்தில் டைல்ஸ் மாதிரியே அச்சடித்திருக்கும். பையின் வாயைச் சுற்றிலும் கயிறு போன்ற ஒரு விளிம்பு உண்டு. குளத்துச் சுவரின் உச்சியில் நாங்கள் திருகி வைத்திருக்கும் பட்டைக்குள் அந்த விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனால், டக் டக்கென்று உட்காரும். பிறகு பைக்குப் பின்னால் இருக்கும் காற்றை மோட்டார் வைத்து உறிஞ்சுவோம். பை சுவரோடும் தரையோடும் போய் அப்பிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் தண்ணீர். தரையில் மிளகளவு கல் கிடந்தாலும் மேலே முண்டாகத் தெரியும். அதனால் கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வெறுங்காலோடுதான் இறங்குவேன்.

அளவில் ஒரு விரற்கடை கூடலாம், குறையலாம். வெயிலில் காட்டி இளக்கி இழுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் பிசகினால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதனால் நீளம், அகலம், ஆழம் எடுத்ததும் மூலைக்கு மூலை குறுக்காகவும் இரண்டு அளவு எடுப்பேன். நீளத்தில் கண் ஏமாந்தாலும் குறுக்களவு காட்டிக்கொடுத்துவிடும். இப்படி மூன்று தரம் அளப்பேன். மூன்றும் ஒத்து வந்தால் ஒரு தாளில் எழுதி, போனில் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, தாளை மடித்து டேப் வைத்திருக்கும் பைக்குள் போட்டுக்கொள்வேன். நான் எடுத்த அளவில் அதுவரை எந்தக் குளமும் பிசகியதில்லை. எனக்கென்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேச வராது. படிப்பு இல்லை. டேப் பிடித்தால் சரியாக இருக்கும் என்ற பேர் இருந்தது.

பராமரிப்புக்குப் போகிற வீடுகளில் கண்டதை எழுதினால் இன்னொரு நோட்டு வேண்டும். தீபாவளியன்று உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு குடும்பமாகக் குளத்தில் இறங்குவார்கள். தண்ணீர் மட்டத்தில் சுற்றிலும் கறுப்பாக ஒரு வளையம் விழும். மறுநாள் 'ஷீட்டு சாயம் போகுது' என்று எனக்குப் போன் வரும். குளோரினை வாளியில் கரைத்து ஊற்றச் சொன்னால், கோழிக்குத் தீவனம் போடுவதுபோல் கையால் வீசுவார்கள். விழுந்த இடமெல்லாம் தேமல் மாதிரி வெளுத்துவிடும். அதற்கும் போன் வரும். ஒரு வீட்டில் வெயில் தாங்காது என்று நாயைத் தூக்கி உள்ளே விட்டார்கள். ஏறத் தெரியாமல் அது சுவரைப் பிறாண்டிக் கிழித்தது. நாயை நான் குறை சொல்லமாட்டேன். அதனிடம் நான் எதையும் சொல்லி வைத்திருக்கவில்லை.

இதையெல்லாம் ஒட்டுப்போட்டுச் சரிசெய்துவிட்டு வருவேன். பதில் பேசமாட்டேன். அப்படிப் பேசாமலே இருந்த பழக்கம்தான் ராஜபாளையத்தில் என்னை மாட்டிவிட்டது.

மூன்று வருடம் ஆகிறது. மலையடிவாரத்தில் மாந்தோப்புக்குள் ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். பேண்டேஜ் துணி செய்து அனுப்புகிற முதலாளி. காலையிலிருந்து சாயங்காலம்வரை துணியை அளந்து வெட்டிப் பிழைப்பவர். இதைப் படிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தை மாதம் போய் அளந்தேன். நீளம் முப்பத்து நாலு அடி. அகலம் பதினாறு அடி. குறுக்கே இரண்டு பக்கமும் முப்பத்தேழு அடி ஏழு அங்குலம். மூன்று தரமும் அதேதான். தாளில் எழுதும்போது முதலாளி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஏய்யா, என்ன எழுத்து இது? கோழி கெளறுன மாரி இருக்கு. கம்பெனிக்காரனுக்கு இது வெளங்குமா?"

"வெளங்கும் மொதலாளி."

"பொறவு வெளங்கலன்னு எங்கிட்ட வந்து நிக்கப்படாது."

சுற்றளவு நூறு அடி வருகிறது. பட்டை பத்தடித் துண்டாக வரும். பத்துத் துண்டு எழுதிவிட்டு, சேதாரத்துக்கு ஒன்று கூடுதலாகக் கேட்டேன். ஒன்றுகூட அதிகம் வாங்கமாட்டேன் என்று பதினொன்றை அடித்துப் பத்தாக்கியவர் அவர். அதுவும் நல்லதாகப் போயிற்று என்று பின்னால் தெரிந்தது.

சுவரையும் தரையையும் வழவழப்பாகப் பூசி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். பங்குனியில் லைனர் வந்து இறங்கியது. புதுமனைக்கு நாள் குறித்தாயிற்று, சீக்கிரம் வா என்று ஆள்மேல் ஆள் விட்டார்கள். என் மனைவியின் தம்பியும் நானும் போனோம். அவனுக்கும் என் வயதுதான். நான் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவன்.

முதல் நாள் பட்டை திருகினோம். கடைசித் துண்டைச் சுவரில் வைத்தபோது இரண்டு அடி அதிகமாக இருந்தது. அறுத்து எடுத்தேன். மிச்சத் துண்டு கையில் நின்றது.

மச்சினன் சிரித்தான். "ரெண்டு அடி மிச்சம் அத்தான். கம்பெனிக்காரன் கை தாராளமாயிட்டு போல."

பத்துத் துண்டுக்கு நூறு அடி. சுற்றளவும் நூறு அடி. மிச்சம் வர வழியே இல்லை. டேப் என் இடுப்பில்தான் இருந்தது. எடுத்து ஒரு இழு இழுத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? செய்யவில்லை. பக்கத்தில் கொத்தனார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இழுத்துப் பார்த்து வேறு அளவு வந்தால் அவரிடம் என்ன சொல்வது என்று கூச்சம். மிச்சப் பட்டையைத் தோள்துண்டுக்குள் சுற்றிப் பைக்குள் அடியில் வைத்துவிட்டேன். பட்டைத் துண்டைத் தோள்துண்டுக்குள் ஒளித்தால் கணக்கு சரியாகிவிடும் என்று நினைத்த ஒரு மடையனைப் பற்றியும் இதில் எழுத வேண்டியிருக்கிறது. அது நான்தான்.

மறுநாள் காலை லைனரை வெயிலில் விரித்து இளக்கினோம். பதினொரு மணிக்குக் குளத்துக்குள் இறக்கி, ஒரு மூலையிலிருந்து விளிம்பை அழுத்திக்கொண்டே வந்தோம். அந்த நேரம் பார்த்து முதலாளி தன் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சம்பந்திக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் லாட்ஜ் இருக்கிறது. பட்டாளத்தில் இருந்து வந்தவர். லாட்ஜுக்குப் பின்னால் அவரும் குளம் வெட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வந்து அளக்கச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். எங்கள் ஊரிலேயே நான் அளக்கப்போகும் முதல் குளம் அது.

மூன்று மூலை உட்கார்ந்தது. நாலாவது மூலைக்கு வந்தபோது லைனர் சுருண்டு தொங்கியது. நீளவாக்கில் ஒரு அடி அதிகம். இந்தப் பக்கத்துச் சுவரிலும் அதே ஒரு அடி, அந்தப் பக்கத்துச் சுவரிலும் அதே ஒரு அடி. தரையில் எருமை படுத்தது போல ஒரு மேடு.

"என்னய்யா தொங்குது?" என்றார் முதலாளி.

மச்சினன்தான், "செத்த நேரம் இருங்க மொதலாளி, வெயில் ஏறட்டும், சரியாயிரும்" என்றான். வெயில் ஏறினால் இன்னும் நீளும் என்பது அவனுக்கும் தெரியும்.

சம்பந்தி குனிந்து பார்த்தார். "வெயில் என்னத்தச் செய்யும்? அளவுல கோளாறு. எடுங்க டேப்ப."

முதலாளியே டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைக் கொத்தனார் பிடித்தார். முப்பத்து மூணு. என் தாளை வாங்கிப் பிரித்தார்கள். முப்பத்து நாலு.

"நீளம் அகலம்கூட எடுக்கத் தெரியாத ஆளு, ஒனக்கு எதுக்குய்யா இந்தச் சோலி?" என்றார் முதலாளி. "அன்னைக்கே சொன்னேன், எழுத்தே இப்படின்னா அளவு எப்படி இருக்கும்னு. அஞ்சாங்கிளாஸ்ல நிறுத்துன ஆள நம்பி நாள் குறிச்சேன் பாருங்க, என்னச் சொல்லணும்."

சம்பந்தி என்னை ஒரு தரம் மேலிருந்து கீழாகப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "சரி, நான் கெளம்புதேன். பன்னெண்டு மணி பஸ்ஸுல ஆள் வருது" என்று சொல்லிவிட்டு, லாட்ஜைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் காரில் ஏறிப் போனார். இதற்குப் பிறகு நடந்தது எதையும் அவர் பார்க்கவில்லை.

மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் ஒருவனுக்குக் கண் மங்குமா என்று யோசித்தேன். மங்கியிருக்கலாம் என்றுகூடத் தோன்றிவிட்டது. நாலு பேர் சேர்ந்து ஒரே குரலில் சொன்னால் நமக்கு நம்மேலேயே நம்பிக்கை போய்விடுகிறது.

முதலாளி கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஆபீஸில் அளவு வாங்கி வரைபடம் போடுகிற அம்மா எடுத்தார். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம்.

"ஒங்க ஆளு அளவத் தப்பா குடுத்துட்டாரும்மா. எல்லாம் பாழு. வேற லைனர் அனுப்புங்க."

"இருங்ண்ணா, அவரு அனுப்புன தாளு எங்கிட்ட இருக்குது. பாத்துச் சொல்றேன்." பிறகு, "ஏனுங்ணா, குறுக்களவு முப்பத்தேழு அடி ஏழு அங்குலம்னு ரெண்டு பக்கமும் போட்டிருக்காரு. முப்பத்து நாலுக்குப் பதினாறுன்னாத்தான் அது வரும். முப்பத்து மூணா இருந்தா முப்பத்தாறு அடி எட்டு அங்குலம்தானுங்க வரணும். எழுத்து ஒரு மாதிரி இருந்தாலும் கணக்கு நேரா இருக்குது. நீளத்தைத் தப்பாப் பாத்திருந்தா, குறுக்களவு ரெண்டும் அதுக்குச் சரியா எப்படிங்க வந்திருக்கும்? அவரு அளந்தப்போ அது முப்பத்து நாலுதான். அப்புறமா அங்க ஏதோ பண்ணியிருக்கீங்க."

நான் போய்ப் பையைத் திறந்து, தோள்துண்டைப் பிரித்து, இரண்டடிப் பட்டையை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தேன். நூறு அடிக்கு வாங்கிய பட்டையில் இரண்டு அடி மிச்சம். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. துணி அளக்கிறவருக்கு அதைச் சொல்லவா வேண்டும்.

மச்சினன் கொத்தனாரிடம் திரும்பினான். "அண்ணாச்சி, உள்ளதச் சொல்லும். ஒரு அடி எங்க போச்சு?"

கொத்தனார் வன்னியம்பட்டிக்காரர். அவருக்கு இதில் மறைக்க ஒன்றும் இல்லை. பீடியைக் கீழே போட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்.

"எங்கயும் போவல. அந்தக் கெழக்குச் சுவத்துக்கு முன்னால ஒரு சுவர் வச்சிருக்கு. ஒம்பது இஞ்சுக் கட்டு, நடுவுல ரொப்புன ஜல்லியும் பூச்சும் சேத்து ஒரு அடி. நாள் குறிக்க வந்த ஜோசியர் எல்லா அளவும் கேட்டாரு. மனையடிக்கு முப்பத்து நாலு ஆகாது, முப்பத்து மூணுதான் நல்லதுன்னாரு. மொதலாளி வைக்கச் சொன்னாரு, வச்சேன்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? ஒரு அடிதான. ரப்பர் சாமான், இழுத்தா வந்திரும்னு நெனச்சோம்."

"இழுத்தா நீளும்வே. குட்டையாவுமா?"

கொத்தனார் அதை யோசித்துப் பார்த்தார். அதுவரை அதை யாரும் யோசித்திருக்கவில்லை.

மனையடி என்பது ஆள் குடியிருக்கிற வீட்டுக்குப் பார்க்கிறது. படுக்கிற அறை, சமைக்கிற அறை இத்தனை அடி இருந்தால் நல்லது, இத்தனை இருந்தால் ஆகாது என்பார்கள். நானும் என் வீட்டுக்குப் பார்த்தவன்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மனையடி பார்த்ததைக்கூட விட்டுவிடுகிறேன். சுவர் வைத்தது முதலாளிக்குத் தெரியும். கொத்தனாருக்குத் தெரியும். கல் சுமந்தவர்களுக்கும் தோப்புக் காவல்காரருக்கும் தெரியும். அந்தச் சுவரை வைத்த கையாலேயே டேப்பைப் பிடித்து, முப்பத்து மூணு என்று வாசித்து, என்னை மூடன் என்று சொன்னார்களே, அதைத்தான் இன்றைக்கும் என்னால் செரிக்க முடியவில்லை. அவர்கள் வேண்டுமென்று பொய் சொன்னதாகக்கூட நான் நினைக்கவில்லை. பொய் சொல்ல நினைவு வேண்டும். படிக்காதவன் ஒருவன் எதிரே நிற்கும்போது தப்பு அவனுடையதாகத்தான் இருக்கும் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. தாங்கள் கட்டிய சுவரே அவர்களுக்கு மறந்துபோயிற்று.

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரி, விடு. நடந்தது நடந்துபோச்சு. இப்ப என்ன செய்யலாம்?"

மன்னித்துக்கொள் என்று சொல்வார் என நான் எதிர்பார்க்கவில்லை. 'அப்படியா' என்றாவது சொல்லியிருக்கலாம்.

வழி இருந்தது. லைனரை நடுவில் குறுக்கே வெட்டி, ஒரு அடியை எடுத்துவிட்டு, ஹீட் கன்னால் ஒட்டிவிடலாம். லாரித் தார்ப்பாயில் ஆயிரம் தரம் செய்த வேலை. ஒட்டு தெரியும், ஆனால் ஒழுகாது. மச்சினன் மூலமாக அதைச் சொன்னேன்.

முதலாளி பதறிவிட்டார். "புதுச் சாமான வீடு குடிபோறதுக்கு முந்தி வெட்டுறதாவது. ஆகாது."

காலையிலிருந்து சாயங்காலம்வரை புதுத் துணியை வெட்டியே பிழைக்கிறவர் சொன்னது இது.

சுவரை இடித்தால் ஜோசியர் சொன்னது போகும். வேறு லைனர் வரவழைத்தால் நாள் தாண்டும். கடைசியில் அந்த ஒரு அடியை, சேலைக் கொசுவம் வைப்பதுபோல் மடித்து, சுவரிலிருந்து தரை வழியாக எதிர்ச் சுவர்வரை ஒரே மடிப்பாக அழுத்தி விட்டுவிட்டு வந்தோம். அங்கே அழுக்குச் சேரும், பாசி பிடிக்கும், தண்ணீரை மட்டும் முழுக்க இறைத்துவிடக் கூடாது, இறைத்து வெயில் பட்டால் லைனர் சுருங்கி விறைத்துவிடும் என்று மச்சினனை விட்டுச் சொல்ல வைத்தேன். முதலாளி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும்.

புதுமனையன்று வந்தவர்களுக்கு மடிப்பில் கால் தட்டியதாம். கேட்டவர்களிடம், அளவெடுத்தவன் தப்பு என்று முதலாளி சொன்னாராம். சம்பந்தி தன் கண்ணால் டேப்பைப் பார்த்தவர். அவர் மூலமாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அந்தச் சேதி வந்துவிட்டது. லாட்ஜிலிருந்து ஆள் வந்து சொன்னான். "மாட்டுத வேலைக்கு மட்டும் வாங்க. அளவ எஞ்சினீயர் எடுத்துக்கிடுவாரு."

போனேன். வேறு என்ன செய்ய. கம்பெனிக்காரர்கள் என்னை விடவில்லை, அந்த அம்மா இருந்ததால். ஆனால் இந்த இரண்டு ஊரிலும் அளவை வேறு யாராவது எடுத்து வைத்திருப்பார்கள், நான் மாட்டிவிட்டு வருவேன். டீக்கடையில் ஒருவர், "ஏலே, ஒத்த அடி வருதான் பாரு" என்று எனக்குப் பட்டப்பேர் வைத்துச் சொன்னது என் காதில் விழுந்தது. அவரிடம் போய்க் குறுக்களவைப் பற்றி விளக்க எனக்கு வாய் இல்லை. டேப் பையில் அந்தத் தாள் மட்டும் மூன்று வருடமாக இருந்தது. மடிப்பு மடிப்பாகப் பிய்ந்து, பின்பக்கம் பசை டேப் ஒட்டி வைத்திருந்தேன்.

போன திங்கட்கிழமை முதலாளி போன் செய்தார்.

"நல்லாருக்கியா? நம்ம கொளத்துல ஒரு வேலை இருக்குய்யா. இப்ப புதுசா ஒரு ஜோசியர் பாக்கேன். மனையடியெல்லாம் வீட்டுக்குத்தான், தண்ணிக்குக் கெடையாது, சுவத்துக்கு முன்னால சுவர் வச்சதுதான் ஆகாதுன்னு சொல்லிட்டாரு. சுவர இடிச்சாச்சு. தண்ணிய எறச்சு பத்து நாளாச்சு. அந்தப் பழைய லைனரே முப்பத்து நாலுக்குச் செஞ்சதுதான, இழுத்து மாட்டிரலாம்லா?"

பத்து நாள், ஆனி மாத வெயிலில். அந்த லைனர் இப்போது அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். "மாட்ட ஏலாது மொதலாளி. சுருங்கிப் போயிருக்கும். புதுசுதான் போடணும்" என்றேன்.

"அப்படியா. சரி, புதுசு போட்ருவோம். அளக்கக்கூட வேண்டாம்ல, அன்னைக்கு நீ எடுத்த முப்பத்து நாலு அடிச் சீட்டு வச்சிருப்பல்லா? அதயே கம்பெனிக்கு அனுப்பிரு."

மூன்று வருடமாக ஊரெல்லாம் தப்பு என்று சொன்ன சீட்டு. அதைத்தான் கேட்கிறார். தான் கேட்பது இன்னதென்று அவருக்குப் புரியவே இல்லை. அன்றைக்கு எனக்கு வாய் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"சீட்டு இருக்கு மொதலாளி. ஆனா அனுப்ப மாட்டேன். நேர்ல வந்து மூணு தரம் அளப்பேன். நீங்க டேப் பிடிக்கணும். அளவுக்குக் கீழ கையெழுத்துப் போடணும். ஒங்க சம்பந்தியும் பக்கத்துல நிக்கணும். இதுக்குச் சரின்னா வாரேன்."

"சம்பந்தி எதுக்கு?"

"அன்னைக்கு நின்னாருல்லா."

"சரி, வா" என்றார்.

இன்று காலை போனேன். கிழக்குச் சுவருக்குக் கீழே செங்கல் குவிந்து கிடந்தது. லைனர் ஒரு ஓரத்தில் மொரமொரவென்று நின்றது; மடித்தால் ஒடியும். சம்பந்தி வந்திருந்தார். முதலாளி ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையில் நான். சம்பந்தியைத்தான் வாசிக்கச் சொன்னேன். முப்பத்து நாலு. பதினாறு. குறுக்கே முப்பத்தேழு அடி ஏழு அங்குலம், இரண்டு பக்கமும். மூன்று தரமும் அவரே வாசித்தார். புதுத் தாளில் எழுதிவிட்டு, பழைய தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

சம்பந்தி இரண்டையும் பார்த்தார். கீழே கிடந்த செங்கலைப் பார்த்தார். "இந்தச் சுவர் எப்ப வச்சது?" என்று முதலாளியைக் கேட்டார்.

"அது அப்பவே… நாள் குறிச்சப்ப."

"இவரு அளந்த பொறவா?"

முதலாளி மாமரத்தில் எதையோ தேடினார். "யாருக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கு" என்றார்.

சம்பந்தி அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "லாட்ஜுக் கொளத்துக்கும் அடுத்த வருசம் லைனர் மாத்தணும். அளவு நீங்களே வந்து எடுத்திருங்க."

நான் சரி என்று சொல்லவில்லை. முதலில் முதலாளியிடம் பேனாவை நீட்டினேன். அவர் தாளைத் தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பட்டம் படித்தவர். புழு நெளிந்தது போல இருந்தது, ஒரு எழுத்துகூட விளங்கவில்லை. அதற்குக் கீழே தேதி போடச் சொன்னேன். நீயே போட்டுக்கோ என்றார். நானே போட்டேன். அந்தத் தாளில் போட்டதையே இதிலும் போடுகிறேன்.

ஆனி மாதம் பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை.